பத்துக் கிலோ சுண்ணாம்புக்கு எத்தனை கவர் தண்ணீர்?

போன வாரம் மழை விட்ட மறுநாள் காலை, முடிச்சூரில் எங்கள் ஃபிளாட் வாசலில் ஒரு துப்புரவுப் பணியாளர் அம்மா தெருவோரமாகச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவிக்கொண்டு போனார். மூக்கை அறுக்கிற பிளீச்சிங் நெடிக்கு அடியில், கொஞ்சம் தாமதமாக, ஈரச் சுண்ணாம்பின் வாசனை வந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே, "ஐம்பத்தாறுக்குப் பதினெட்டு" என்றது. அந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, "இன்னாக்கா சொல்ற?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, கெமிஸ்ட்ரி" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்கு வேகமாக நகர்ந்துவிட்டார்.

நீங்களும் நகர்ந்துவிடாதீர்கள். விஷயம் இதுதான்.

எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்தேன். சயின்ஸ் குரூப். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கித் தொலைத்ததால் வந்த வினை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மோல் என்று ஒன்று வரும்வரை. எங்கள் கெமிஸ்ட்ரி சார் தங்கமான மனிதர், ஆனால் பாடத்தைக் கரும்பலகைக்குத்தான் நடத்துவார், எங்களுக்கு இல்லை. ஒரு மோல் என்றால் ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று பூஜ்ஜியம் போட்ட அளவு என்று பலகையிடம் சொன்னார். எனக்கு உடனே இட்லி ஞாபகம் வந்துவிட்டது. ஒரு மோல் இட்லி அவித்தால் எங்கே அடுக்குவது? தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்ஃபாரம் போதாது, பீச் ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளத்தில் அடுக்கினாலும் போதாது, அப்புறம் சட்னி வேறு இருக்கிறது. நான் சட்னிக்கு வருவதற்குள் சார் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

விளைவு, காலாண்டுத் தேர்வில் நூற்றுக்குப் பதினேழு.

"லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்கு உனக்கு மறுபடியும் டெஸ்ட். இதுலயும் போச்சுன்னா காமர்ஸ் குரூப்" என்றார் சார், முதல்முறையாக என்னைப் பார்த்து.

காமர்ஸ் ஒன்றும் மட்டமான குரூப் இல்லை. ஆனால் அது மைதானத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடத்தில் இருந்தது. அங்கே ஜெசி கிடையாது. ஜெசிந்தா, சேலையூர்க்காரி. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பெஞ்சில் பக்கத்து இடம். கெமிஸ்ட்ரியில் தொண்ணூற்றாறு. சிரிக்க ஆரம்பித்தால் பெஞ்சே ஆடும், வாத்தியார் வெளியே போகச் சொன்னால் வெளியே நின்றும் சிரிப்பாள். கெமிஸ்ட்ரி எனக்குப் போனால் போகட்டும். ஜெசி இல்லாத பெஞ்சைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவளாலும் முடியவில்லை போல. லீவில் தினமும் சைக்கிளில் கிளம்பி, ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்து, வேர்த்து விறுவிறுத்து எங்கள் வீட்டுக்கு வருவாள். என் வியாதி என்னவென்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். சமன்பாட்டில் ஒரு சுட்ட சுண்ணாம்பு, ஒரு தண்ணீர் என்று இருந்தால், பத்துக் கிலோ சுண்ணாம்புக்குப் பத்துக் கிலோ தண்ணீர் என்று நான் போட்டுவிடுவேன். ஒன்றுக்கு ஒன்று. எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

"அப்படி இல்லடி. பஸ்ல ரெண்டு பேர் சீட் இருக்கில்ல? ஒவ்வொரு சீட்லயும் ஒரு குண்டு மாமா, ஒரு பொடிப்பையன். மாமாதான் சுண்ணாம்பு, அம்பத்தாறு கிலோ. பையன் தண்ணி, பதினெட்டு கிலோ. ஆளுக்கு ஒரு டிக்கெட். அந்த டிக்கெட்தான் மோல். மாமாங்க எல்லாரும் சேர்ந்து ஐநூத்தி அறுபது கிலோன்னா, பசங்க எத்தனை கிலோ?"

நான் நன்றாக யோசித்து, "அம்பத்தாறு கிலோ எல்லாம் ஒரு குண்டாடி?" என்றேன்.

அன்றைய பாடம் அதோடு முடிந்தது. அம்மா வந்து பார்க்கும்போது இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த லீவில்தான் தீபாவளிக்காக வீட்டுக்கு வெள்ளையடிப்பு வைத்தார் அப்பா. அப்போதெல்லாம் எங்கள் பக்கம் வெள்ளையடிப்பு என்றால் கன்னியப்பன் அண்ணாதான். ஒரு காலை பத்துக் கிலோ சுட்ட சுண்ணாம்பைக் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் ஒரு பழைய இரும்பு டிரம்மில் கொட்டினார். வெள்ளை வெள்ளையாகக் கட்டி, தொட்டால் நாக்கை வைத்ததுபோல் விரலில் ஒட்டும். அம்மா, "கிணறு அடி தட்டிடுச்சு கன்னியப்பா. நாலு குடத்துக்கு மேல ஒரு சொட்டு கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். "நாலு கொடம் எந்த மூலைக்கும்மா?" என்று முனகிய கன்னியப்பன் அண்ணா, "பாப்பா, டீ சாப்ட்டு வந்து தண்ணி ஊத்தறேன். கிட்ட போவாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெசியின் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. தொண்ணூற்றாறு மார்க்கின் பளபளப்பு.

"எதுக்குடி நாலு குடம்? கணக்கு போட்டா தெரிஞ்சிடப்போவுது" என்றவள், அடுப்புக்கரியை எடுத்துக் கொல்லைச் சுவரிலேயே எழுத ஆரம்பித்தாள். எப்படியும் வெள்ளையடிக்கப்போகிற சுவர்தானே. ஐம்பத்தாறுக்குப் பதினெட்டு. பத்துக்கு மூன்று புள்ளி இரண்டு. அதன் கீழே இரண்டு கோடு. நான் பழக்கதோஷத்தில், "பத்து லிட்டர் வேணாமாடி?" என்றேன். "நீ காமர்ஸுக்கே போடி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

அளக்க எங்களிடம் இருந்தது, அம்மா கழுவிக் காயவைத்திருந்த அரை லிட்டர் பால் கவர்கள். ஆறு கவர் முழுசாக, ஏழாவதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. ஒரு சொட்டு கூடக் குறையக் கூடாது என்று ஜெசி ஏழாவது கவரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்த அழகை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மொத்தத்தையும் டிரம்மில் ஊற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. "செத்துப்போச்சா?" என்று நான் எட்டிப் பார்க்கப்போனதுதான் தாமதம், உஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் கடகடவென்று டிரம் ஆட ஆரம்பித்தது. கட்டிகள் பட்பட்டென்று வெடித்தன. வெள்ளை ஆவி மொட்டைமாடி உயரத்துக்கு எழும்பியது. நாங்கள் அலறிக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம். அந்த நேரத்திலும் ஜெசி, "கணக்கு கரெக்ட்தான், கணக்கு கரெக்ட்தான்" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

சத்தம் அடங்கி வெளியே வந்தால், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் நீல ஆபீஸ் பேண்ட் முழுக்க வெள்ளைப் பொட்டு. டிரம்முக்குள் புகைகிற மாவு, நடுநடுவே வேகாத கட்டிகள். தண்ணீரைக் காணவே காணோம்.

டீ குடித்துவிட்டு வந்த கன்னியப்பன் அண்ணா டிரம்மைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இன்னா பாப்பா இது? சுண்ணாம்பைத் தாகத்தோட வுட்டுட்டீங்களே!"

"எவ்வளவு ஊத்தணும்ணா?" என்று கேட்டாள் ஜெசி.

"அது கேக்கற வரிக்கும் ஊத்தணும். கொதி அடங்கனா போதும்னு அர்த்தம்." குடம் குடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கம்பால் கிளறினார். நாலாவது குடத்துக்கு அப்புறமும் அவர் கை நிற்கவில்லை.

ஜெசி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் அவளுக்கு வந்த முதல் தப்பு விடை அதுதான் என்று நினைக்கிறேன். கண் கலங்கிவிட்டது. ஜெசி அழுது நான் பார்த்ததே இல்லை. எப்படியாவது நிறுத்தவேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஏய், கணக்கு சரிதான்டி. மாமாங்களுக்கு ஏத்த பசங்களைத்தான் ஏத்தினோம். பஸ் கொதிச்சதுல பாதிப் பசங்க ஜன்னல் வழியா குதிச்சு ஓடிட்டானுங்க. மீதி மாமாங்க தனியா உட்கார்ந்திருக்காங்க. அதான் அண்ணா கூடுதலா ஏத்தறாரு."

ஜெசி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

திரும்பச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. எனக்கு மோல் புரிந்துவிட்டது! ஒன்றுக்கு ஒன்று என்பது ஆளுக்கு ஆள், கிலோவுக்குக் கிலோ இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றிக் குதித்தோம். "சுண்ணாம்பு கண்ணுல பட்டுடப்போவுது, அப்பால போங்க" என்று கன்னியப்பன் அண்ணா விரட்டினார்.

டெஸ்டில் வந்த கேள்வி: இருபத்தைந்து கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எவ்வளவு சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும்? எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்தால், வெளியே வேப்பமரத்தடியில் ஜெசி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு விரல் காட்டினேன், அப்புறம் நாலு. பதினாலு. அவள் போட்ட கூச்சலில் சார் எழுந்து வெளியே போனார். நான் விடையின் கீழே, "இதைத் தண்ணீர் விட்டு நீற்றுவதற்குக் கணக்குக்கு மேலேயே ஊற்ற வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும் என்று சிவப்பு மையில் கண்டித்து, அறுபத்திரண்டு போட்டிருந்தார். பெஞ்ச் பிழைத்தது.

கொல்லைச் சுவருக்கு இரண்டு கை வெள்ளை பூசியாயிற்று. ஆனால் வெறும் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு குணம் உண்டு, நனைந்தால் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வருட அடைமழையில் சுவர் ஊறியதும் ஜெசியின் கரி எழுத்து மெல்ல மேலே வந்தது. மூன்று புள்ளி இரண்டு, கீழே இரண்டு கோடு. வெயில் வந்ததும் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தீபாவளிக்கு எத்தனை முறை பூசினாலும், மழை வந்தால் அதுவும் வந்துவிடும். ஜெசிதான் வரவில்லை. பன்னிரண்டாவது முடிந்ததும் அவள் அப்பாவுக்கு வடக்கே எங்கோ மாற்றலாகிவிட்டது. இரண்டு வருடம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. முதலில் நிறுத்தியது நான்தானோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

கன்னியப்பன் அண்ணா இல்லை. டிரம்மில் சுண்ணாம்பு கொதிக்கிற வீடு எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. இப்போது இருக்கிற ஃபிளாட்டில் பிளாஸ்டிக் பெயின்ட், எவ்வளவு நனைந்தாலும் எதையும் காட்டாது. பழைய வீட்டை பில்டருக்குக் கொடுத்து, இடிக்க ஆரம்பித்த அன்று நானும் போய் நின்றேன். நல்ல வெயில். கொல்லைச் சுவர் காய்ந்து வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.