மூன்றாவது குளவியின் வயிறு

மூன்றாவது குளவி புது இனம் என்று சொன்ன அன்று எங்கள் லேபில் கேக் வெட்டினார்கள். அந்தப் புது இனத்தை உண்டாக்கியவன் நான்தான் என்பது அப்போது எனக்கே தெரியாது.

திருப்போரூர் பக்கம் ஒரு தனியார் லேபில் மைக்ரோ சி.டி. ஸ்கேனர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் கார் பாகங்கள்தான் வரும். உள்ளே ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம். முதன்முதலில் பூச்சி கொண்டுவந்தவர் நஸ்ரின் மேடம், கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. செய்யூர் சவுக்குத் தோப்பில் பிடித்த மூன்று குளவிகள், ஒவ்வொன்றும் அரிசியில் பாதி, ஆல்கஹாலில் கிடந்தன.

"பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு அண்ணா. வடிவத்த அளந்தா வேற வேறயான்னு தெரிஞ்சிடும்," என்றார்.

இரண்டை ஆல்கஹாலோடு சின்னக் குழாயில் மூடி ஸ்கேன் செய்தேன். மூன்றாவதற்கு மூடி கிடைக்கவில்லை. திறந்த குழாயில் பஞ்சு வைத்து நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். முப்பரிமாண உருவத்தில் ஓரம் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. சின்னப் பூச்சிதானே என்று விட்டுவிட்டேன்.

மேடம் புள்ளி புள்ளியாகக் குறித்து அளந்தார். மூன்றாவதன் வயிறு மட்டும் ஒடுங்கியிருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அதற்குத் தன் அம்மா பெயரை வைக்கப்போவதாகச் சொன்னார்.

ஒரு ஸ்கேன் என்பது பூச்சியை ஒரு முழுச் சுற்று சுழற்றி வரிசையாக எடுக்கும் பல நூறு எக்ஸ்ரே படங்கள்; முதலும் கடைசியும் ஒரே கோணம், ஒன்றுபோல இருக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து ஃபைல்களைக் காப்பி செய்யும்போதுதான் அந்த ஸ்கேனின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் சேர்த்துப் பார்த்தேன். முதலில் உருண்டையான வயிறு. கடைசியில் வற்றிய வயிறு. பூச்சி மெஷினுக்குள்ளேயே காய்ந்திருந்தது.

மேனேஜர் தேவராஜிடம் சொன்னேன். "இன்னாபா, கேக்கத் துன்னுட்டு இப்ப வந்து சொல்ற? செத்த பூச்சி, அது இன்னா கேஸா போடப்போவுது? வுடுபா!"

விட முடியவில்லை. மேடத்துக்குப் போன் செய்தேன். "மேடம், அது புது இனம் இல்ல. நான் காயவெச்ச பழைய இனம்."

"அம்மா தெருபூரா சொல்லிட்டாங்களே அண்ணா," என்று போனை வைத்துவிட்டார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். பத்தாம் நாள் புதுக் குளவிகளோடு வந்து நின்றார். குழாயை மூடி ஸ்கேன் செய்து பார்த்தோம், எல்லாம் ஒரே இனம். பிறகு அவரே சொன்னார்: "இப்ப வேணும்னே காய வைங்க. எவ்ளோ மாறுதுன்னு பாத்துடலாம்."

அது கட்டுரையாக வந்தது. ஸ்கேன் செய்தவரின் கவனக்குறைவிலிருந்து பிறந்த கேள்வி இது என்று எழுதி, கீழே எனக்கு நன்றியும் போட்டிருந்தார். "லேப் பேரு வந்துகீதுபா!" என்று தேவராஜ் அதை எல்லாக் கஸ்டமருக்கும் அனுப்பினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பூச்சியை மெஷினிலிருந்து இறக்குமுன் முதல், கடைசி இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நான் பார்க்காததால் அது ஆராய்ச்சியாகிவிட்டது.