மார்கழியில் தொடங்கிய படம்

“தை பிறக்கட்டும்” என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறுகிறது. கல்யாணத்துக்கோ புதுமனைக்கோ சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கென்ன வந்தது. என் படத்துக்குச் சொன்னார்கள். ஒரு தடவை அதை நம்பினேன். நம்பியது நான், நாசமானது இன்னொருத்தரின் கொல்லை.

கள்ளக்குறிச்சியில் அத்தாவின் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்கிறவள் நான். கல்லாவில் உட்கார்ந்தபடியே பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு படத்துக்குக் கதை எழுதினேன். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து அண்டா வாங்க வந்த ஓர் அக்கா, பேச்சுவாக்கில் தன் சாமை அறுப்பைப் பற்றிச் சொன்னதுதான் கதை. புருஷன் இல்லாத பெண் ஒருத்தி மலைச்சரிவில் சாமை விதைத்த தன் கொல்லையை அறுத்து முடிக்கிறாள். முடித்த கையோடு காப்பிப் பழம் பறிக்கக் குடகுக்கு ஜீப் ஏறுகிறாள். அவ்வளவுதான். அந்த அக்காவையே நடிக்கச் சொல்லிக் கேட்டேன்.

“நடிக்கிறதுன்னா இன்னா பண்ணணும்?”

“அறுக்கணும் அக்கா.”

“அதத்தான வருசா வருசம் பண்ணிக்கினு இருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

சென்னையில் ஒரு தயாரிப்பாளருக்கும் கதை பிடித்துப்போனது. “பண்றோம்மா” என்றார். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல மாதம் தரையில் நடக்கவில்லை.

முதல் வருடம் கார்த்திகைக் கடைசியில் அக்காவின் கொல்லையில் கதிர் முற்றியது. தயாரிப்பாளருக்குப் போன் போட்டேன். “அறுப்பைப் பத்து நாள் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, யூனிட்டோட வந்துர்றோம்” என்றார். கடை ஷட்டரைப் பத்து நாள் இறக்கி வைப்பது போலத்தான் எனக்கும் தோன்றியது. பஸ் பிடித்து மலையேறி அதையே அக்காவிடம் சொன்னேன்.

“பத்து நாளா? கதிர் உதிர்ந்துடுமேம்மா.”

“கண்டிப்பா வர்றாங்க அக்கா.”

நிறுத்தி வைத்தார். பத்தாம் நாள் தயாரிப்பாளர் போனில் சொன்னார்: “மார்கழி பொறந்துடுச்சேம்மா. இந்த மாசத்துல எவனும் பூசை போட மாட்டான். தை பிறக்கட்டும்.” நாள்காட்டி அவரிடமும் இருந்திருக்கும்தானே? பத்து நாளைக்கு முன்னால் மார்கழி எங்கே ஒளிந்திருந்தது?

மலைக்கு ஓடினேன். பாதி மணி உதிர்ந்திருந்தது. மீதியை மழை சாய்த்துவிட்டிருந்தது. அக்கா ஈர மண்ணில் குந்திக்கொண்டு விளக்குமாற்றால் சாமையைக் கூட்டிக்கொண்டிருந்தார். “நீ சொன்னியேன்னுதான் நிறுத்துனேன்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. பஸ்ஸில் மலையிறங்கும்போது முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை அது.

தை பிறந்தது. தயாரிப்பாளருக்கு வேறு வேலை பிறந்தது. அப்புறம் பரீட்சைக் காலம் என்றார், கிரிக்கெட் நடக்கிறது என்றார், ஆடி என்றார். வருடத்தில் படம் எடுக்கத் தோதான நாளே கிடையாது என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் மழை பிந்தியது. கதிர் முற்றும்போது மார்கழியே வந்துவிட்டது. அக்காவே போன் செய்தார். “வியாழக்கெழம அறுக்கறேன். வந்தா எடு, வராட்டிப் போ. ஞாயித்துக்கெழம குடகுக்கு ஜீப்பு வருது.” அவர் திரும்பி வரப் பங்குனி ஆகும். அதற்குள் என் கதை இன்னொரு வருடம் தள்ளிப்போகும். இன்னொரு தடவை அவர் போன் செய்வார் என்று நினைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

கடைசி முறையாகச் சென்னைக்குப் பேசினேன். “மார்கழியில ஆரம்பிச்ச படம் வெளிய வராதும்மா” என்றார்.

“எங்க வூட்ல மார்கழியும் ஒண்ணுதான், தையும் ஒண்ணுதான் சார்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

அப்புறம்தான் பொறி தட்டியது. மார்கழியில் ஊரில் முகூர்த்தமே கிடையாது. அப்படியென்றால் என் தங்கை நிக்காஹ்வுக்கு வீடியோ எடுத்த திருக்கோவிலூர்க்காரர் வீட்டில்தானே இருப்பார்! கேட்டேன். “ஈ ஓட்டிக்கினு இருக்கேன் மேடம். ரெண்டு கேமரா, மைக்கு, ஆளு எல்லாம் சும்மாத்தான் கெடக்கு” என்றார். சினிமாக்காரர்கள் தள்ளிவைத்த மாதம் எனக்கு ஒரு யூனிட்டையே கொடுத்தது. அத்தா கல்லாவில் வந்து உட்கார்ந்தார். “போன வருசம் அந்தம்மாவுக்குப் பண்ணது போதும். இந்த வாட்டியாவது சொன்ன நாள்ல போய் நில்லு” என்று மட்டும் சொன்னார்.

வியாழன் காலை கொல்லைக்குப் போனால் அரிவாளோடு பதினோரு பெண்கள் நிற்கிறார்கள். என் தாளில் நாயகி ஒண்டியாக அறுக்கிறாள்! கேமராக்காரர் அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லலாமா என்றார். அக்காவிடம் கேட்டேன்.

“இன்னிக்கி என் கொல்லை, நாளைக்கி அவங்க கொல்லை. இவங்கள நிக்க வச்சுட்டு நாளைக்கி நான் எந்த மூஞ்சியோட போவேன்?”

மலையில் யாரும் தன் கொல்லையைத் தனியாக அறுப்பதில்லை. பாத்திரக் கடையில் உட்கார்ந்து நான் எழுதிய தனிமை எனக்கே சிரிப்பாக இருந்தது. தாள்களைப் பைக்குள் திணித்தேன்.

அதற்குப் பிறகு ஒத்திகையும் இல்லை, இன்னொரு டேக்கும் இல்லை. அறுத்த கதிரை மறுபடி நட முடியுமா? பெண்கள் வரிசையாக முன்னேற, நாங்கள் கேமராவோடு பின்னால் ஓடினோம். “கொஞ்சம் நில்லுங்க அக்கா!” என்று கத்தினேன். “நீ சுருக்கா வா!” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். ஓடினேன். இரண்டு வருடம் காத்திருந்த உடம்புக்கு அந்த ஓட்டம் அவ்வளவு பிடித்திருந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் மற்றவர்கள் கொல்லையில் அக்கா அறுப்பதையும் எடுத்தோம். ஞாயிறு காலை அவர் ஜீப்பில் ஏறியதையும், ஜீப் வளைவில் மறைந்ததையும் எடுத்தோம். படத்தின் கடைசி ஷாட் அதுதான்.

தை பிறந்தது. தயாரிப்பாளரிடமிருந்து போன்: ஒரு பெரிய நடிகையின் தேதி திடீரென்று கிடைத்திருக்கிறதாம், உடனே ஆரம்பிக்க வேண்டுமாம், தாமதித்தால் கை நழுவிவிடுமாம். எடுத்து முடித்ததை நான் சொல்லவில்லை. “மலைக்கே வந்துருங்க சார்” என்றேன். அல்பத்தனம்தான். இருந்தாலும் சொன்னேன்.

வந்தார். பூசணிக்காய், கற்பூரம், மாலை போட்ட கிளாப் பலகை எல்லாம் காரிலிருந்து இறங்கின. அறுத்த சாமைத் தாளின் அடிக்கட்டைகளுக்கு நடுவே இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் நெற்றியில் கைவைத்துச் சரிவு முழுக்கப் பார்த்தார்.

“கொல்லை எங்கம்மா?”

“அறுத்தாச்சு, அடிச்சாச்சு, சோறாக்கிச் சாப்பிட்டும் ஆச்சு சார்” என்றேன். “படமும் எடுத்தாச்சு.”