அக்காவைக் கேட்டு வந்தவர்கள்

எங்கள் வாசலில் நின்று "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டவர்கள் கையில்தான் இந்த நினைவு மலர் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். அக்கா போய் இன்றோடு ஒரு வருஷம்.

அக்கா பிறந்தது முசரவாக்கத்தில். வாழ்க்கைப்பட்டது பெரிய காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில். மாமா சீக்கிரமே தவறிவிட்டார், பிள்ளையும் இல்லை. அடுத்த தெருவில் தறி போட்டிருந்த என்னோடு வந்து சேர்ந்தார்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால், அதன் நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கி இணைக்க வேண்டும். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் துளி அடுப்புச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். எங்கள் தெருவுக்கே அந்த வேலைக்கு அக்காதான்.

பிறகு அவருக்குப் பார்வை போயிற்று. அப்போதுதான் நான் தப்பு செய்தேன். "நீ உக்காருக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்றேன். சோறு, தண்ணீர் எல்லாம் கைக்கே வந்தன. வேலைக்குக் கூப்பிட வந்தவர்களிடம், "அக்காவால ஆவாதுபா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருஷம் சுவரோரம் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். பேச்சு நின்றே போயிற்று.

ஒருநாள் எதிர்வீட்டு அண்ணி வந்தார். வழக்கம்போல நான் வாய் திறந்தேன்.

"உன்ன யாருபா கேட்டா? அவங்களைக் கேக்க வந்திருக்கேன்" என்று உள்ளே போனார். "பாவு நிக்குதுக்கா. கண்ணு இல்லாம ஆவுமா?"

"கண்ணால எப்பம்மா இணைச்சேன்? கரை எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் சொல்லு. சாம்பல் கொண்டா. இவனை நகரச் சொல்லு, வெளிச்சத்தை மறைச்சுக்கினு நிக்கறான்!"

அண்ணி சிரித்தார். அக்காவும் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அதன்பின் கடைசி மாதம்வரை பாவு இணைத்தார். காய்ச்சலில் கிடந்தபோது, "யாருடா வந்தது?" என்றார். "யாரும் இல்லக்கா."

"பொய் சொல்லாத. செருப்புச் சத்தம் கேட்டுது. உடம்பு தேறினதும் வரேன்னு சொல்லு."

திரும்பிப் போய்க்கொண்டிருந்தவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வந்தவரும் பாவை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். அக்கா தேறவில்லை.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. என் பேச்சைத் தள்ளிவிட்டு அக்காவைக் கூப்பிட்ட எதிர்வீட்டு அண்ணிக்குக் கைகூப்பி நன்றி.

இப்போதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒருமுறை அந்தச் சுவரோரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போகிறேன்.

தம்பி