கர்னல் ஓட்டத்துக்கு முந்தின நாள்

பிள்ளைகளே, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் என் கையில் ஒரு சாம்பல் குதிரை இருந்தது. குதிரை பண்ணைக்காட்டு முதலாளியுடையது. காப்பிக்கொட்டையும் மிளகும் ஏற்றி அதை மலைப்பாதையில் நடத்திப் போவது என் வேலை. முன்னே கழுத்தில் மணி கட்டிய கிழட்டுப் பெட்டைக்குதிரை போகும். பின்னால் சாம்பல்.

தோட்டத்துக்கு ஜீப் வந்ததும் ஒரு குதிரை போதும், சாம்பலை விற்றுவிடலாம் என்றார் முதலாளி. நான் கெஞ்சினேன். "கர்னல் ஓட்டத்துல ஓடிக் காட்டட்டும், வச்சுக்கிறேன். இல்லேன்னா பழனியில ஜட்கா இழுக்கட்டும்" என்றார்.

எந்தச் சண்டைக்குப் போன கர்னலோ தெரியாது. கொடைக்கானலில் பங்களா கட்டி வாழ்ந்து செத்தவர். சீசன் முடியும்போது அவர் பேரால் ஒரு குதிரை ஓட்டம் வைப்பார்கள். புல்வெளியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைதான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி நிமிர்வதற்குள் முடிந்துவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் குதிரைகளைச் சனங்களுக்குக் காட்ட வேண்டும். நடத்திக் காட்டிவிட்டு, இரண்டிரண்டாக ஓடவிடுவார்கள். ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் குதிரைகள் பளபளவென்று நின்றன. சாம்பலின் முதுகில் மூட்டை அழுத்திய தழும்பு.

"ஏலே, மூட்டையை எங்கன வச்சோம்னு தேடுதா உன் குதிரை?" என்றார் ஒரு சவாரிக்காரர்.

"ஓடுறப்பப் பாருங்கண்ணே" என்றேன்.

அவருடைய செவலைக் குதிரையோடு ஜோடி சேர்த்து விட்டார்கள். சாம்பல் காற்றாய்ப் பாய்ந்து செவலையின் வால்வரை போனது. அதற்குமேல் போகவில்லை. குதிகாலால் இடித்தேன், அதட்டினேன். மூக்கை அந்த வாலில் வைத்துக்கொண்டு அதே வேகத்தில் ஓடியது. கூட்டம் சிரித்தது.

"விட்டா வாலைப் பிடிச்சே அவரு வீட்டுக்குப் போயிரும் போலயே!"

சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அந்தப் பாதையில் முன்னால் போவதை முந்துகிற குதிரை தானும் விழும், அடுத்ததையும் தள்ளும். முந்தாதே என்றுதான் அதைப் பழக்கியிருந்தோம்.

செண்பகனூரில் உங்கள் அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் அவளும் நானும் தங்கியிருந்தோம். கொட்டகையில் சாம்பலும், அதற்குத் துணையாகக் கூட்டி வந்த பெட்டைக்குதிரையும் நின்றன. எனக்குக் கால் தரிக்கவில்லை. வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தேன். காப்பி ஆறிப்போனது.

"செத்த உக்காருங்க. நீங்க நடக்குறதைப் பாத்து அதுவும் புல்லுல வாய் வைக்கல" என்றாள் அம்மா.

"நாளைக்கும் இப்படியே ஓடுனா?"

"போன மாசம் நம்ம குதிரைக்கு நடுவுல வேற ஆளு குதிரை புகுந்துச்சுல்ல? மணிச்சத்தம் தள்ளிப் போகவும் சாம்பல் என்ன செஞ்சுச்சு?"

முட்டிமோதி அதைத் தாண்டிப்போய் மணிக்குதிரையின் பின்னால் நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வெள்ளனே எழுந்து அம்மா பெட்டைக்குதிரையை ஓட்டிக்கொண்டு போனாள். முடிவுக் கோட்டுக்கு அப்பால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலாளியும் அங்கேதான் நின்றார்.

கொடி விழுந்தது. பாதித் தூரம் சாம்பல் யார் வாலிலோ ஒட்டிக்கொண்டு ஓடியது. அப்போது கோட்டுக்கு அப்பால் பெட்டைக்குதிரையின் மணி ஒலித்தது. சாம்பலின் காதுகள் விறைத்தன. ஒரு குதிரையைத் தாண்டியது, இன்னொன்றைத் தாண்டியது. செவலையை ஒட்டிப் போகும்போது கோடு வந்துவிட்டது.

இரண்டாவது என்றார்கள். சாம்பல் அதையெல்லாம் கேட்கவில்லை. நேரே போய்ப் பெட்டைக்குதிரையின் வாலில் மூக்கை வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க நின்றது.

முதலாளி பக்கத்தில் வந்தார். நான் இறங்கினேன்.

"தோத்துப்போச்சுங்க" என்றேன்.

"ஓடிக் காட்டச் சொன்னேன், ஓடிருச்சு. இதைப் பிரிச்சு விட்டா அந்தக் கிழடும் சோலிக்கு ஆகாதுடா" என்றார். "வெரசாக் கிளம்பு. பண்ணைக்காட்டுல மூட்டை கெடக்கு."