சுருட்டை விட்டவர்

குறிகட்டுவான் துறையில் இரண்டாம் நாளாகக் காத்திருக்கிறேன். பொருளாதாரத் தடையால் வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. பக்கத்தில் இருக்கும் மீனவர் யோசேப்பு அண்ணையிடம் ஒரு சுருட்டை நீட்டுகிறேன். அவர் கை பாதிவழி வந்து திரும்புகிறது.

"வேண்டாம் தம்பி. தவக்காலம். ஆண்டவருக்காக விட்டிட்டன்."

"சீனி, சவுக்காரம் ஒண்டுமில்லாமல்தானே அண்ணை இருக்கிறம். அது போதாதே?"

"அதெல்லாம் தடை பறிச்சது. நான் குடுத்ததெண்டு சொல்ல ஏலுமே? அவருக்குப் பின்னால போறதெண்டால் ஆசைப்பட்ட ஒண்டை நானா விடவேணும். மிஞ்சினது சுருட்டுத்தான்."

நான் பற்ற வைக்கிறேன். அவர் எழும்பி, விரலை நனைத்துக் காற்றைப் பார்க்கிறார். பிறகு என் மறுபக்கம் வந்து, புகை போகும் இடத்தில் இருக்கிறார்.

"அண்ணை?"

"நான் நேந்தது சுருட்டைத்தான், புகையை இல்லை. நீர் வடிவா ஊதும்."