காலை எடுத்தால்தான் கியர் விழும்

அறுபதுகளின் நடுவில், பம்பாய் மழையில் ஊறிக்கிடந்த ஓர் ஆவணி மாதம். டிராம்பே பக்கம் ஒரு சேட்டிடம் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய வயது. குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். நான் தாராவியில் ஒற்றை அறையில். என்னைத் தவிர அங்கே சத்தம் போடுகிற ஒரே ஜீவன் ஸ்டவ்தான்.

அந்தச் சமயத்தில் சேட் டிரெய்லர் இழுக்க இரண்டு வண்டிகள் இறக்கினார். ஒன்றில் புது மாதிரி கியர் பாக்ஸ். கிளட்சை ஒரு மிதி மிதித்தால் போதும், குழைந்த சோற்றில் கரண்டி இறங்குகிற மாதிரி கியர் இறங்கும். இன்னொன்று பழைய மாதிரி. அதில் கியரைக் குறைக்க, கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து என்ஜினை ஓர் உறுமல் உறும வைத்து, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட வேண்டும். உறுமல் சரியாக இல்லாவிட்டால் உள்ளே பல்லும் பல்லும் கடித்துக்கொண்டு அலறும். கியர் விழாது.

மூத்த டிரைவர் நான்தான் என்பதால், "உனக்கு எது பிடிக்குதோ எடு" என்றார் சேட். நான் பழையதை எடுத்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்து நாசரேத்துக்காரர் ஒருவர் எங்களோடு ஓட்டினார். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "வேய், நல்ல வண்டிய விட்டுட்டு அந்தச் சனியனையா எடுக்கீரு? கண்டாலா மலை இறக்கத்துல உம்ம சோலிய முடிச்சிரும்."

"கியர் போடத் தெரியாதவனுக்குத்தாம்வே புது வண்டி. உமக்குன்னே செஞ்சிருக்கான், வச்சுக்கிரும்" என்றேன். ஷெட்டே சிரித்தது.

உண்மைக் காரணத்தைச் சொன்னால் இன்னும் சிரித்திருப்பார்கள். செம்பூரிலிருந்து முலுண்ட் வரை புது வண்டியை ஓட்டிப் பார்த்திருந்தேன். கைக்கும் காலுக்கும் வேலையே இல்லை. சும்மா இருந்த மனசு ஊருக்கு ஓடிவிட்டது. சின்ன மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், சட்டென்று பிடிபடவில்லை. பயந்துபோனேன். பழைய வண்டியில் அந்தத் தொல்லை கிடையாது. நாள் முழுக்கச் சண்டை போடும், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி.

ஒரு நாள் புனாவிலிருந்து யானை மாதிரி ஒரு பாய்லரை ஏற்றிக்கொண்டு கண்டாலா மலை வழியாகத் திரும்பினேன். கிளீனருக்குக் காய்ச்சல், தனியாகத்தான் வந்தேன். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது லாரிக்காரனின் அரிச்சுவடி. மலை உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஆனால் தனியாக ஓட்டும்போது எனக்கு ஒரு பழக்கம். சேட் மாதிரியும் என்னை மாதிரியும் மாறி மாறிப் பேசி, நானே சிரித்துக்கொள்வேன். அன்றைக்கு சேட் என் கையைப் பிடித்துக் கெஞ்சுகிற கட்டம். ரசித்துக்கொண்டே உச்சியைத் தாண்டிவிட்டேன்.

வண்டி வேகம் எடுத்ததும்தான் விழித்தேன். அவசரமாகக் கியரை உருவினேன். நியூட்ரல். கீழ்க் கியருக்குத் தள்ளினேன். கறகறவென்று அலறியது. மறுபடி தள்ளினேன். மறுபடி அலறல். பாய்லர் பின்னாலிருந்து தள்ள, பிரேக் கருகுகிற வாடை கேபினுக்குள் வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெள்ளை மூட்டம். மூட்டத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முருகா என்றேன். மாதாவே என்றேன். "சேட்ஜி" என்றுகூடக் கத்தியதாக ஞாபகம்.

செய்ய வேண்டியதும் தெரியும். உறும வைக்க ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும். அதற்குப் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். மலை இறக்கத்தில், பாய்லர் முதுகில் இருக்கும்போது! காலிடம் சொல்லிப் பார்த்தேன். ஊரையே பேசி மடக்குகிற வாய்க்கு என் சொந்தக் கால் மசியவில்லை.

பக்கத்து சீட்டைப் பார்த்து, "ஏலே, என்னலே செய்ய?" என்று கேட்டேன். அங்கே என் தூக்குச் சட்டிதான் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது, கேட்பதற்கு யாரும் இல்லை என்று. நான்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன்.

வண்டி பாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். உறும வைத்தேன், கிளட்சை மிதித்தேன், தள்ளினேன். 'டொக்'. அந்தச் சின்னச் சத்தத்தோடு வண்டி குனிந்து, முனகி, நடைக்கு வந்தது.

மலையடிவாரத்தில், கோபோலியில் ஒரு தகரக் கொட்டகை டீக்கடை. இறங்கியதும் நடந்ததையெல்லாம் என் ஓட்டை ஹிந்தியில் கடைக்காரரிடம் நடித்துக் காட்டினேன். கியர் அலறியதை வாயால் அலறினேன். சேட்ஜியைக் கூப்பிட்டதைக் கூப்பிட்டே காட்டினேன். மனுஷர் சிரிக்கவேயில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாசிலிருந்த டீயில் பாதி என் சட்டைமேல் இருந்தது.

கிளாசை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தார். "பைட்டோ, பாய்" என்று என்னை உட்கார்த்தி, எதிரில் தானும் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. என் கை நடுக்கம் நின்ற பிறகுதான் அவர் எழுந்துபோய் வேறு டீ போட்டார்.

ஷெட்டுக்கு வந்ததும் நாசரேத்துக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டியை மாற்றிக்கொள்ளலாமா என்றேன்.

"ஏன்வே, கியர் போடத் தெரியலியோ?"

"போடத் தெரியுதுவே. காலத்தான் எடுக்கத் தெரியல."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவியை என் பக்கம் நீட்டினார். நீர் உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுவீர் அல்லவா என்று கேட்டேன். "நான் என்ன உம்மள மாதிரி நாடகக்காரனா?" என்றார்.

அதன்பிறகு அந்தப் புது வண்டிதான். உச்சியில் ஒரே மிதியில் கியர் இறங்கிவிடும். அப்புறம் கேபினில் சத்தமே இருக்காது. மனசு ஊருக்குப் போகும். போகட்டும் என்று விட்டுவிடுவேன். அவசரப்படுத்தாமல் இருந்தால் மகளின் முகம்கூட மெல்ல வந்துவிடும். அமைதி என்றால் பக்கத்தில் யாரும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் அமைதிதான் என்பதை, நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த டீக்கடைக்காரர் ஒவ்வொரு இறக்கத்திலும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.