முள் ஏறாத கார்

என் அண்ணி பாட்ரீசியாவின் காரைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆம்பளை எங்கள் ஊர் குருபோங்கில் கிடையாது. பழைய புரோட்டான் வீரா. அண்ணன் செபாஸ்டியனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று முறை மலாக்கா டவுனில் ரத்தம் கழுவ வேண்டும். ஒரு முறை தவறினாலும் மூச்சு வாங்கும். திரும்பும்போது வாந்தி எடுப்பார். அதற்காக ஒரு வாடகைக் காரோட்டி அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போனான். சீ, அவனெல்லாம் ஒரு மனுஷன். அதற்குப் பிறகுதான் அண்ணி, ஐம்பது வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. பட்டறைக்காரன் சிவசாமி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினான். இந்த ஊர்ப் பட்டறைகளில் அதுதான் வைத்தியம். பனி கொட்டும் நாட்டுக்குத்தான் அது, நம் வெயிலுக்கு எதற்கு என்பார்கள். முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லாருக்கும் திருப்தி.

அண்ணிக்கு மட்டும் இல்லை. கார் பெட்ரோலைக் குடித்தது. இஞ்சின் எண்ணெய் மூடியின் உள்ளே தே தாரிக் டீயின் நுரை மாதிரி படிந்திருந்தது. காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். இஞ்சினுக்கும் ஓரளவு சூடு வேண்டும். அது வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. எண்பத்திரண்டு டிகிரியில் அது திறக்க வேண்டும் என்று போட்டிருந்தது. கார் சாமான் கடைக்காரன் எழுபத்தாறில் திறப்பதை நீட்டி, இது இன்னும் குளுமை என்றான். அவள் எண்பத்திரண்டையே கேட்டு வாங்கினாள். வெந்நீரில் போட்டு, அது வாய் திறப்பதைப் பார்த்த பிறகே சிவசாமியிடம் கொடுத்தாள். துருப்பிடித்த ரேடியேட்டரையும் கழுவச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினான்.

கார் திரும்பி வந்த பிறகும் முள் அடியிலேயே கிடந்தது. கேட்டதற்கு, மீட்டர் பழசு என்றான்.

போன வியாழக்கிழமை டவுன் நெரிசலில் கார் பொங்கி நின்றுவிட்டது. பின் சீட்டில் அண்ணன். அன்றைக்கு ரத்தம் கழுவ முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வேறு பட்டறையில் கழற்றிப் பார்த்தால், தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. ரேடியேட்டர் முழுக்கச் செஞ்சேறு. தண்ணீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததில், நெரிசலில் மாட்டும்வரை அந்த அடைப்பு முள்ளில் தெரியவே இல்லை.

நானும் அண்ணியும் சிவசாமியிடம் போனோம். கருமம், அவனுக்குக் கூச்சம்கூட இல்லை.

"என்னை ஏன் ஏசுறீங்க? உங்க அண்ணன்தான் போன் பண்ணாரு. பொம்பள பேச்சக் கேட்டு அத மாட்டாத, ஒன்னும் செய்யாம அனுப்பிவிடுன்னாரு."

நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நான்தான் அண்ணனைக் கேட்டேன்.

"காரப் பத்தி இவளுக்கு என்னலா தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

அண்ணி அவர் முகத்தில் மாஸ்க்கைச் சரியாக வைத்தாள்.

"ஒன்னும் தெரியாதுங்க. உங்களுக்குச் சிவசாமியக் கூப்பிடத் தெரிஞ்சுது. அன்னைக்கு நடுரோட்டுல நீங்க மூச்சுக்குத் தவிச்சப்போ, யாரைக் கூப்பிடறதுன்னுகூட எனக்குத் தெரியல."

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.